துண்டு போட்டு மூடிய கணக்குப் பாடம்

உங்கள் அம்மா பத்தாம் வகுப்புக் கணக்கைக் காதால் படித்தாள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது இதே வீட்டில்தான் இருந்தீர்கள். ஆனாலும் பெரியவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. சின்னவனுக்கு அந்தக் கணக்கு வாத்தியாரின் குரல் மட்டும்தான் ஞாபகம். அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரை போனவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

பெரியவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அப்பா படிப்பு, அம்மா படிப்பு என்று இரண்டு கட்டம். பெரியவளே, என் கட்டத்தில் நீ எட்டு என்று போட்டாய். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீ பத்தாவது பாஸா பெயிலா?" என்று கேட்டாய்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பதாவது பாஸுன்னு எழுது" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தொண்ணூறுகளில், பிறந்த ஊரான தேவிகாபுரத்தில் அவள் பத்தாவது எழுதினாள். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுதுவதற்குள் கல்யாணம் முடிந்து ஆரணிக்கு வந்து என் தறியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கே மறந்து போயிருந்தது. அன்று மத்தியானம் தறியில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாள்.

"ஒரே பாடம்தாங்க. அத்த எழுதிட்டா அந்தக் கட்டத்துல பத்துன்னு போட்டுக்கலாம்."

"வேலைக்குப் போகப் போறியா இன்னா?"

"வேலைக்கு இல்ல. கட்டத்துக்கு."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் சரி என்றேன்.

டவுனில் தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்காக ஒரு டுடோரியல் இருந்தது. வகுப்புக்குப் போக அவளுக்கு நேரம் கிடையாது. எங்கள் தறி இரண்டு பேர் உட்காரும் தறி. சேலையின் உடம்புக்கான நாடாவை, குறுக்கு நூல் ஏற்றிய கட்டையை, நான் தள்ள, கரைக்கான நாடாவை அவள் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து தள்ளுவாள். அவள் எழுந்தால் நானும் சும்மா உட்கார வேண்டியதுதான். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு டுடோரியலில் சிடி கொடுத்தார்கள். ஒரு வாத்தியார் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்துவதைக் கேமராவில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாடமும் எட்டு நிமிஷம், ஒன்பது நிமிஷம். மொத்தம் மூன்று சிடி.

டிவியைத் தறிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்து சிடியைப் போட்டோம். முதல் நாளே கெட்டது. வாத்தியார் ஏதாவது எழுதினால் அவள் தலை தானாகத் திரும்பும். தலை திரும்பினால் கை தடுமாறும். முதல் பாடம் முடிவதற்குள் கரைப் பக்கம் நாலு இழை அறுந்தது. நான் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "பாக்காத, காதால கேளு" என்றேன்.

"டிவிய எதிர்ல வெச்சிகினு பாக்காதன்னா எப்படிங்க?" என்றாள். எழுந்து போய்க் கொடியில் கிடந்த என் துண்டை எடுத்து வந்து டிவி மேலே போட்டு மூடினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு டிவி துண்டு போட்டுக்கொண்டு பாடம் நடத்தியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "டிவிக்கு இன்னா அம்மையா?" என்று கேட்டார்கள். இழை அறுவது நின்றது. இதுவும் நல்ல ஏற்பாடுதான் என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷம் கரண்ட் படுத்தின பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பகலில் மணிக்கணக்காகப் போகும், நடுவில் வந்தாலும் அநேகமாகப் பத்து நிமிஷம்தான். எங்கள் தறிக்குக் கரண்ட் வேண்டாம், காலும் கையும் போதும். டிவிக்கு வேண்டுமே. வாத்தியார் பாதி கணக்கில் நின்று போவார். கரண்ட் வரும்போது சிடி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதல் பாடத்தை மட்டும் அவள் பத்து தடவைக்கு மேல் கேட்டிருப்பாள், அதைத் தாண்டவே இல்லை.

அப்போது என்னிடம் ஒரு செல்போன் புதிதாக வந்திருந்தது. முதுகில் பெரிய ஸ்பீக்கர் வைத்த போன். தெருவில் பாதிப் பேர் அதை வாங்கியிருந்தார்கள். சின்ன மெமரி கார்டு போட்டால் பாட்டுப் பாடும். ஒரு தரம் சார்ஜ் போட்டால் நாள் முழுக்கத் தாங்கும். டிவியில் படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும்தானே கேட்கிறோம், அந்தச் சத்தத்தை மட்டும் பிரித்து இந்தப் போனில் போட முடியாதா என்று எனக்குத் தோன்றியது. தறியில் நீளமாக விரித்த பாவு நூலிலிருந்து ஒரு நிறத்து இழையை மட்டும் உருவுகிற மாதிரி. முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுப் பார்ப்போமே என்று சிடியை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

ஜெராக்ஸ் கடையை ஒட்டி நாலு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பெண் அதை நடத்திக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். பட்டு வியாபாரம் செய்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தவள். எல்லாரையும் அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு அதட்டுவாள்.

"படத்துலேர்ந்து சத்தத்த மட்டும் எடுக்கணுமா? பாட்டாண்ணா?"

"பாட்டு இல்லம்மா. கணக்கு."

அவள் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "கணக்கக் காதுல கேக்கப் போறீங்களா? சரி. ஆனா சாப்ட்வேர் எல்லாம் நான் ஏத்த மாட்டேன். போன தபா ஒண்ண ஏத்தி வைரஸ் வந்து ரெண்டு சிஸ்டம் படுத்துகிச்சு. நெட்லயே மாத்திக் குடுக்கற சைட்டு கீது. அதுல போடலாம்."

சிடியில் இருந்த ஃபைலை அந்த சைட் ஏற்றுக்கொள்ளாதாம். அவள் ஃபைல் பெயரின் வாலில் இருந்த மூன்று எழுத்தை அழித்து வேறு மூன்று எழுத்து அடித்தாள். அதே சரக்குத்தான், சீட்டு மட்டும் வேறு. சைட் ஏற்றுக்கொண்டது. எந்த வடிவத்தில் வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் எம்பி த்ரீ என்று இருந்ததை அழுத்தினாள். கடைசியில் ஈமெயில் கேட்டது.

"மெயில் ஐடி சொல்லுங்கண்ணா."

"எனக்கு ஏதும்மா அதெல்லாம்?"

"அய்ய, அது இல்லன்னா மாத்தினத எங்க அனுப்புவான்?" என்று சொல்லி, அங்கேயே எனக்கு ஒன்று உண்டாக்கிக் கொடுத்தாள். ரகசியச் சொல் போடச் சொன்னாள். அன்றைக்குத் தறியில் இருந்த சேலையின் நிறத்தைப் போட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ சேலை இறங்கிவிட்டது, இன்னும் அந்த நிறம்தான் என் ரகசியச் சொல்.

ஒரு பாடம் மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆனது. திரையில் ஒரு பச்சைப் பட்டை அங்குலம் அங்குலமாக நகரும். எனக்கு அது பழகின விஷயம், சேலையும் அப்படித்தான் வளரும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஏறி முடித்ததும் அவர்கள் எங்கேயோ இருந்துகொண்டு படத்தைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை அனுப்பினார்கள். என் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் கோப்பு தயார் என்று இங்கிலீஷில் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் மெயில். "யாரும்மா அனுப்பினது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லண்ணா. மெஷினு."

"பதில் எதனா போடணுமா?"

"ஐயோ அண்ணா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இப்படியே சாயந்திரம் தறியிலிருந்து இறங்கி, தினம் ஒன்று அல்லது இரண்டு பாடமாக, ஒரு மாதத்துக்கு மேல் போய் வந்தேன். எல்லாம் முடிந்த அன்று அந்தப் பெண் பாடங்களை ஏற்றிக் கொடுத்த மெமரி கார்டைப் போனில் போட்டு, போனைத் தறி மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அன்றைக்கும் கரண்ட் இல்லை. வாத்தியார் கணீரென்று ஆரம்பித்தார். எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் பாடம்தான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே, இரண்டாம் பாடத்தைப் போட்டேன். வாத்தியார் சொன்னார்: "இப்ப இது இங்க இருக்கு பாருங்க. இத எடுத்து இங்க வைக்கிறோம். வெச்சா இது என்ன ஆகுது? பாருங்க. இதுவும் இதுவும் ஒண்ணாகுது. புரியுதா?"

அம்மா நாடாவைப் பிடித்தபடி நிறுத்தினாள். "எதங்க எடுத்தாரு?"

"தெரியலையே."

"எங்க வெச்சாரு?"

அடுத்த பாடம் போட்டேன். அதிலும் இது, அது, இங்கே, பாருங்க. அதற்கடுத்ததும் அப்படியே. முதல் பாடத்தில் சூத்திரம் மட்டும் சொன்னதால் துண்டு போட்டும் புரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் கரும்பலகையில் இருந்தது. ஒரு மாதம் மெனக்கெட்டு, எது வேண்டுமோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டு வந்திருக்கிறேன்.

சின்னவன் அன்றைக்கே பிடித்துக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, "இது இங்க இருக்கு பாருங்க, இத எடுத்து இங்க வைக்கிறோம்" என்று சோற்றை வாயில் வைத்துக்கொண்டான். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் மறுநாள் போனைத் தொங்கவிடும்போது, "பாட்டே போடுங்க. அந்தக் கட்டம் ஒன்பதாவே இருக்கட்டும்" என்றாள். அவள் சிரிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, மூன்று மாதம்கூட இல்லை. நான் பாட்டுப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். காலையில் வீட்டு வேலை முடிந்ததும், கரண்ட் இருந்த நேரம் பார்த்து நான் டிவியை நடுவில் வைத்து சிடியைப் போட்டேன். துண்டு போடவில்லை.

"இன்னைக்கு கை சும்மாதானே கீது. படத்த மட்டும் பாத்து வெச்சிக்கோ. சத்தம்தான் போன்ல கீதே."

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள். இரண்டாம் பாடத்தில் வாத்தியார் எதை எடுத்து எங்கே வைத்தார் என்று பார்த்ததும், "அட, இதானா!" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கரண்ட் போகும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் தறியில் அதே பாடத்தைப் போனில் போட்டேன். "இது இங்க இருக்கு பாருங்க" என்றார் வாத்தியார். "ஆமா, கீது" என்றாள் அம்மா.

ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் சத்தம் அந்தப் படத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று அவள் சொன்னாள். அப்புறம் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். நாடா சரியாகப் போயிற்றா, எங்கேயாவது தட்டியதா என்று பார்க்காமலே சத்தத்தில் சொல்லிவிடுகிற காது அவளுடையது. அந்தக் காதுக்கு வாத்தியாரின் சாக்பீஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தது. "மூணு இழுப்பு இழுத்தாரு பாருங்க, முக்கோணம். இப்ப நடுவுல ஒரு கோடு. இது சின்னச் சின்னதா தட்றாரு, புள்ளிக்கோடு." எனக்கு ஒன்றும் கேட்காது. போனைக் காதில் வைத்துக் கேட்டாலும் கொரகொர என்றுதான் இருக்கும்.

மொத்தம் மூன்று அமாவாசை கிடைத்தது. அமாவாசையில் பார்ப்பது, அடுத்த அமாவாசை வரை கேட்பது.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. அம்மா இதை இன்றைக்கும் வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். அப்போது தறியில் உடம்பெல்லாம் புட்டா, சின்னச் சின்ன ஜரிகைப் பூ, போட்ட மாம்பழ நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசைப் புட்டாவுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் இருநூறு ஊடை, அதாவது இருநூறு குறுக்கிழை. நாடா போகப் போக நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். நூற்று முப்பதோ என்னவோ எண்ணிக்கொண்டிருக்கிறேன். வாத்தியார், "பன்னிரண்டு பதினாறு எவ்வளவு? யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். அந்தப் பாடத்தை அதற்குள் நான் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன்.

"நூத்தித் தொண்ணூத்திரண்டு!" என்று சத்தமாகச் சொன்னேன்.

வாத்தியாரும் அதையே சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று தொடர்ந்து எண்ணி, இருநூறு வந்ததும் புட்டாவைப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் இன்னும் இரண்டு வரிசை ஓடியது. நெய்ததைச் சுருட்டும்போது அம்மா கையை வைத்துத் தடுத்தாள்.

"இன்னாங்க இது? ஒரு வரிசை மட்டும் பக்கத்துல வந்து ஒட்டிகினு கீது?"

நான் விரலை வைத்து அளந்து பார்த்தேன். எங்கே விட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னேன். அவள் பலகையில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பரீட்சை எனக்கா உங்களுக்கா?"

நெய்வதைவிடப் பிரிப்பது மெதுவான வேலை. ஊடையை ஒவ்வொன்றாக, ஜரிகை நசுங்காமல், வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். அரை நாள் போயிற்று. அந்த அரை நாளும் அவள் பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். வாத்தியார் கேள்வி கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "சொல்லிடாதீங்க" என்பாள். அதற்கப்புறம் எண்ணுகிற நேரத்தில் பாட்டு, எண்ண வேண்டாத இடத்தில் கணக்கு என்று வைத்துக்கொண்டோம்.

பரீட்சை அன்று நான் அவளைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அவளைச் சுற்றிலும் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள். உள்ளே நடந்ததை அவள் வந்துதான் சொன்னாள்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்த கேள்வி மாதிரிதான் இருந்ததாம். ஆனால் எழுத வரவில்லை. அங்கே ஒரு சத்தமும் இல்லை. பேனா ஓடுகிற சத்தம் மட்டும். வாத்தியாரின் குரலைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், வரமாட்டேன் என்கிறது. ஒரு கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் தன்னை அறியாமல் பெஞ்சுக்கு அடியில் கால் மிதிக்க ஆரம்பித்திருக்கிறது. தறியில் மிதிப்பது நான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தத் தாளம் அவள் காலிலும் ஏறியிருக்கிறது. டக், டக், டக். நாலு மிதி மிதித்ததும், "இது இங்க இருக்கு பாருங்க" என்று வாத்தியார் வந்துவிட்டாராம்.

டீச்சர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, காலு வலிக்குதா?"

"இல்ல டீச்சர். தறி ஓடுது."

முன் பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த டீச்சர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் தறி இருந்திருக்குமோ என்னவோ. குனிந்து அவள் காதில், "ஓட்டு. சத்தம் வராம ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்து, மணி அடிக்கும்வரை எழுதினாள்.

ரிசல்ட் வந்த அன்று அதே பிரவுசிங் சென்டருக்கு இரண்டு பேரும் போனோம். உள்ளே நிற்க இடமில்லை. அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும், "கணக்கண்ணா, இப்படி வாங்க" என்று தன் சொந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். நம்பரை அடித்தாள். பக்கம் திறக்கவில்லை. "சர்வரு பேஜாரு பண்ணுது" என்றாள். மறுபடி அடித்தாள். பச்சைப் பட்டை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தின் மேலே போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"நான் பாக்கமாட்டேன். வந்ததும் வாயால சொல்லு, கேட்டுக்கறேன்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கிலீஷ் எழுத்து சட்டென்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண்தான் விரலை வைத்துப் படித்தாள். முதலில் அம்மாவின் பெயர். அப்புறம், "மேக்ஸ்... நாப்பத்தொண்ணு." ஒரு மூச்சு விட்டாள். "பாஸுக்கா!"

முந்தானைக்குள்ளிருந்தே, "இன்னொரு தபா சொல்லு" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். சுற்றி நின்ற கூட்டமும் சேர்ந்து சொன்னது. அப்புறம்தான் அவள் துணியை எடுத்தாள்.

பெரியவளே, அடுத்த ஜூனில் நீ ஏழாம் வகுப்பு விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தாய். உன் கையிலிருந்து பேனாவை வாங்கி அம்மாவே அந்தக் கட்டத்தில் எழுதினாள். எண்ணால் போடவில்லை, பத்தாம் வகுப்பு என்று எழுத்தால், கட்டத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை எழுதினாள். அப்புறம் என் கட்டத்துக்கு வந்து எட்டு என்று போட்டாள். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"அந்த மெமரி கார்டு இன்னும் கீது இல்ல?"

நான் தறிக் குழியில் இறங்கி மிதியில் கால் வைத்தேன். "இன்னைக்குப் புட்டா வரிசை கீது, எண்ணணும். பாட்டுப் போடு" என்றேன்.